தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி?

குவில்ட் (இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைப்பது பற்றி வந்த கடிதங்களில் பல, வரிகளை எவ்வளவு நெருக்கமாகப் போடுவது என்ற ஒரே சந்தேகத்தை வெவ்வேறு வகையில் கேட்டிருந்தன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: முதன்முறையாக ஒரு குவில்ட் தைக்கிறேன். 6 அங்குலச் சதுரங்களை இணைத்து, 60-க்கு 84 அங்குல அளவில் மேல்துணியை முடித்துவிட்டேன். நடுவில் வைப்பதற்காக வாங்கிய பஞ்சு விரிப்பின் உறையில் ‘8 அங்குல இடைவெளி வரை தைக்கலாம்’ என்று அச்சிட்டிருக்கிறது. நன்றாகத் தையல் தெரிந்த தோழியோ, அரை அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டினால்தான் உறுதியாக இருக்கும் என்கிறாள். எட்டுக்கும் அரைக்கும் நடுவில் நான் எதை எடுத்துக்கொள்வது?

பதில்: உறையில் இருக்கும் 8 அங்குலம், அதைத் தாண்டக் கூடாது என்று உற்பத்தியாளர் வைத்திருக்கும் எல்லை, அந்த அளவில் தைத்தால் அழகாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் அமையும் என்று அது உறுதி கூறவில்லை. தோழி சொல்லும் அரை அங்குலம் ஒரு தோற்றத்தை விரும்பிச் செய்வது. மெல்லிய வலைத்துணி சேர்த்துத் தயாரித்த பஞ்சுக்கு (உங்களுடையது பெரும்பாலும் அதுதான்) உறுதியின் பொருட்டு அவ்வளவு நெருக்கம் தேவைப்படாது. உங்கள் குவில்ட் கட்டிலில் விரித்துப் போர்த்திக்கொள்வதற்கானது என்றால், 2 முதல் 3 அங்குலம் வரையிலான இடைவெளியைத்தான் நான் சொல்வேன். காரணத்தையும் சொல்லிவிட்டால் அடுத்த குவில்ட்டுக்கு நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பவை இந்தத் தையல் வரிகள் மட்டுமே. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைப்பட்ட பகுதியில் பஞ்சை எதுவும் பிடித்திருக்கவில்லை. உலர்ந்திருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. துவைக்கும்போதுதான் அதன் விளைவு தெரியவரும். தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போன பஞ்சு, இயந்திரத்துக்குள் சுழலும்போதும், கையால் தூக்கிப் பிழியும்போதும், கொடியில் தொங்கும்போதும் தன் எடையாலேயே கீழ்நோக்கி இழுபடுகிறது. இழைகள் ஒன்றையொன்று சரியாகப் பற்றிக்கொள்ளாத பஞ்சாக இருந்தால், அவை நகர்ந்து ஒரு பக்கம் கட்டியாகத் திரண்டு, மறுபக்கத்தில் இரண்டு துணிகளை மட்டும் வெறுமையாக விட்டுவிடும். கட்டி தட்டாத நல்ல பஞ்சாகவே இருந்தாலும், இடைவெளி அகலமாக அகலமாக ஈரத்தின் எடை முழுவதும் குறைந்த எண்ணிக்கையிலான தையல்களின் மீதும், சதுரங்களை இணைத்த மூட்டுகளின் மீதும் வந்து விழுகிறது. நூல் அறுவதும் மூட்டு விடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்லை பஞ்சுக்குப் பஞ்சு மாறுபடுவதற்குக் காரணம் அது தயாரிக்கப்படும் விதம். வெறுமனே சீவி விரித்த பருத்திப் பஞ்சில் இழைகளைப் பிணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், அரை அங்குலத்திலிருந்து அதிகம் போனால் 2 அங்குலத்துக்குள் வரிகள் வந்தாக வேண்டும். பழைய குவில்ட்களில் வரிகள் அத்தனை நெருக்கமாக இருப்பதற்கு அழகு ஒரு காரணம் என்றால், இந்தக் கட்டாயம் இன்னொரு காரணம். ஏராளமான ஊசிகளால் குத்தி இழைகளைப் பின்னிப்பிணைத்த பருத்தியை ஏறத்தாழ 4 அங்குலம் வரை விடலாம். அதனுடன் மெல்லிய வலைத்துணி ஒன்றையும் சேர்த்துக் குத்தியிருந்தால் 8 அல்லது 10 அங்குலம் வரை போகலாம் என்று உறையில் போட்டிருப்பார்கள். உங்களுடையது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். கம்பளிப் பஞ்சுக்கும், பிசினாலோ சூட்டினாலோ ஒட்டவைத்த பாலியெஸ்டருக்கும் பொதுவாக 3 அல்லது 4 அங்குலம் வரை இருக்கும் என்றாலும், இவற்றில் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபாடு அதிகம் என்பதால் உறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வரி கூடக் கூடக் குவில்ட் விறைத்துக்கொண்டே போகும். கால் அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டியது அட்டைபோல் நிற்கும். சுவரில் மாட்டுவதற்கும், பைகளுக்கும், மேசை விரிப்புகளுக்கும் அந்த விறைப்பு நல்லதுதான். போர்வையாகப் பயன்படுத்தும்போதோ அது உடம்போடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வேலையும் நூலும் எவ்வளவு கூடுகின்றன என்பதை உங்கள் அளவிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 84 அங்குல நீளவாக்கில் 2 அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் சுமார் 30 வரிகள், அதாவது ஏறக்குறைய 64 மீட்டர் தையல். 1 அங்குலம் என்றால் 128 மீட்டர். அரை அங்குலம் என்றால் 256 மீட்டர். கால் அங்குலத்துக்கு 500 மீட்டரையும் தாண்டிவிடும். மேல்நூல், பாபின் நூல் (இயந்திரத்தின் அடிநூல்) இரண்டுமே தனித்தனியாக இதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பதால், வாங்க வேண்டிய நூல் இந்தக் கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இடையில் மனம் மாறி வரிகளைப் பிரித்தெடுக்க வேண்டி வந்தாலும் அதே நீளத்தைத்தான் பிரிக்க வேண்டும். நெருக்கமாகத் தைக்கத் துணிகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

உங்கள் சதுரம் 6 அங்குலம் என்பது ஒரு வசதி. 2 அங்குலமும் 3 அங்குலமும் அதைச் சரியாக வகுப்பதால், எந்த அளவை எடுத்தாலும் வரிகள் எல்லாச் சதுரங்களிலும் ஒரே இடத்தில் விழும். மூட்டுகளின் பள்ளத்திலேயே தைத்துக்கொண்டு போனால் இடைவெளி 6 அங்குலம் ஆகும். உறை அதை அனுமதித்தாலும், அடிக்கடி துவைக்கும் குவில்ட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மூலைவிட்டமாகத் தைக்க எண்ணுகிறவர்கள் கணக்கில் ஏமாறுவதற்கு இடமிருக்கிறது. 6 அங்குலச் சதுரங்களின் வழியாக மூலைக்கு மூலை ஒரே திசையில் கோடுகளை ஓட்டினால், அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 6 அங்குலம் இருப்பதில்லை. கோடுகளுக்குச் செங்குத்தாக அளந்தால் ஏறத்தாழ 4¼ அங்குலம்தான் வரும். எதிர்த்திசையிலும் அதேபோல் ஓட்டிக் கட்டம் போட்டால், ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் அதே 4¼ அங்குலம். உங்கள் பஞ்சுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 4 அங்குல எல்லை கொண்ட பஞ்சை வைத்திருப்பவர், கட்டம் பார்வைக்கு நெருக்கமாகத் தெரிகிறதே என்று எண்ணிக் கால் அங்குலம் தாண்டிப் போயிருப்பார். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எல்லையாகச் சொல்லப்பட்ட அளவைக் குறுக்களவாகக் கொண்டு காகிதத்தில் ஒரு வட்டம் வெட்டிக் குவில்ட்டின் மீது நகர்த்திப் பாருங்கள். எந்தத் தையலையும் தொடாமல் அந்த வட்டம் முழுவதுமாக ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால், அங்கே இன்னொரு வரி தேவைப்படுகிறது. பூ வடிவங்களும் வளைகோடுகளும் தைக்கிறவர்களுக்கு அளவுகோலைவிட இந்த வட்டமே அதிகம் உதவும்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதிரி தைத்துப் பாருங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை. அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் ஆகியவற்றைக் கொண்டு 14 அங்குலச் சதுரத்தில் மூன்றடுக்குத் துண்டுகள் மூன்று தயாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1 அங்குலம், அடுத்ததில் 2 அங்குலம், மூன்றாவதில் 3 அங்குலம் என்று வரிகளை ஓட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் சரியாக 10 அங்குலம் அளந்து இரண்டு முனைகளிலும் துவைத்தால் போகாத நூலால் அடையாளம் இட்டு, பின்னாளில் குவில்ட்டை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவைத்து உலர்த்துங்கள். உலர்ந்தபின் அடையாளங்களுக்கு இடையே அளந்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது தெரியும். பருத்திப் பஞ்சில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருக்கம் இருப்பது வழக்கம், பாலியெஸ்டரில் ஏறக்குறைய இராது. அளவைவிடக் கைக்குத் தெரிவதுதான் இங்கே முக்கியம். துண்டை விளிம்பில் பிடித்துத் தொங்கவிட்டு எது தளர்ந்து விழுகிறது என்று கவனியுங்கள். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எது மறுபடி எழும்புகிறது என்றும் பாருங்கள். துவைத்தபின் வரிகளின் இருபுறமும் தோன்றும் சின்னச் சின்னச் சுருக்கங்கள் 1 அங்குலத் துண்டில் நுணுக்கமாகவும், 3 அங்குலத் துண்டில் அகன்று மெத்தென்றும் இருக்கும். அவற்றில் எது பிடிக்கிறது என்பது முழுக்க உங்கள் விருப்பம்.

கேள்வி: முன்பு எப்போதோ வாங்கிய பஞ்சு விரிப்பு கைவசம் இருக்கிறது. உறை காணாமல் போய்விட்டது. அதற்குரிய இடைவெளியை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: துல்லியமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை, ஓரளவு ஊகிக்கலாம். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் சிறிது பிய்த்தும் பாருங்கள். ஒரு பக்கத்தில் மெல்லிய வலையோ படலமோ உரிந்து வந்தால் அது வலைத்துணி சேர்த்த வகை. அடுத்து, இரு கைகளாலும் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுங்கள். எளிதில் பிரிந்து இழைகளாகக் கையோடு வந்துவிடும் பஞ்சுக்கு நெருக்கமான வரிகள் தேவை; இழுத்தாலும் விட்டுக்கொடுக்காமல் நீண்டு திரும்புவது அகன்ற இடைவெளியைத் தாங்கும். எந்த இழை என்று அறிய வேண்டுமானால், இடுக்கியால் ஒரு சிறு துணுக்கைப் பிடித்து, உலோகத் தட்டின் மேல் வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கலப்பு இழைகளில் இந்த அடையாளங்கள் கலந்தே தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் 2 அங்குலத்துக்குள் தைத்துவிடுங்கள். கையால் இழுத்தவுடன் பிரிந்துபோன பஞ்சாக இருந்தால் 1 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: நடுப்பகுதியில் அரை அங்குல இடைவெளியில் வரிகளை ஓட்டிவிட்டு, நேரம் போதாததால் சுற்றிலும் உள்ள 8 அங்குலக் கரையில் ஒரே ஒரு வரி மட்டும் போட்டேன். இப்போது தரையில் விரித்தால் கரை முழுவதும் அலையலையாக நிற்கிறது. கரையை அளந்துதான் வெட்டினேன். காரணம் என்ன?

பதில்: வெட்டியதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தையல் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வரிகள் கூடும்போது அந்தச் சிறு சிறு இழுப்புகள் எல்லாம் சேர்ந்து, நெருக்கமாகத் தைத்த பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறுகிவிடும். உங்கள் நடுப்பகுதி அப்படிக் குறுகிவிட்டது. கரை தன் பழைய நீளத்திலேயே இருக்கிறது. மிஞ்சிய நீளம் போவதற்கு வேறு இடமில்லாததால் அலையாக எழும்புகிறது.

வரிகள் எவ்வளவு நெருக்கம் என்பதைவிட, அந்த நெருக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்பதே குவில்ட் தட்டையாகக் கிடப்பதைத் தீர்மானிக்கிறது. முழுவதும் 4 அங்குலத்தில் தைத்ததும் தட்டையாகக் கிடக்கும். முழுவதும் அரை அங்குலத்தில் தைத்ததும் கிடக்கும். இரண்டையும் ஒன்றில் கலந்தால்தான் சிக்கல். உங்களுடையதைச் சரிசெய்ய நடுவில் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஓரப்பட்டி இன்னும் வைக்கவில்லை என்றால், கரையிலும் அரை அங்குலத்துக்கு, அல்லது குறைந்தது முக்கால் அங்குலத்துக்கு ஒரு வரி போட்டுவிடுங்கள். அலைகளை ஒரே இடத்தில் மடித்துத் தைத்துவிடாமல், முதலில் ஊக்குகளால் சமமாகப் பரப்பிக் குத்திக்கொண்டு, கரையின் நீளத்தை ஒட்டியே வரிகளை ஓட்டுங்கள். பிறகு குவில்ட்டை நனைத்து, தரையில் ஒரு பழைய விரிப்பின் மேல் பரப்பி, நான்கு மூலைகளையும் நேராக்கி, கையால் நீவி அப்படியே உலரவிட வேண்டும். ஓரங்களை அளந்து வெட்டுவது அதற்குப் பின்னரே. ஓரப்பட்டி ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், அதைப் பிரித்துவிட்டுத்தான் இவற்றையெல்லாம் செய்ய வேண்டியிருக்கும். சொல்வதற்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை.

பூவையோ பறவையையோ எழும்பித் தெரியச் செய்வதற்காக, அதன் உட்புறத்தைத் தைக்காமல் விட்டுச் சுற்றிலும் அடர்த்தியாகத் தைப்பதும் உண்டு. அங்கே வேறுபாடு வேண்டுமென்றே செய்வது. அதுவும் அந்த வடிவங்கள் குவில்ட் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால்தான் எடுபடும். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்த மூலை கோணிக்கொள்ளும்.

கேள்வி: வரிகள் நெருக்கமாக இருந்தால் போர்வை அதிகக் கதகதப்பாக இருக்குமா?

பதில்: இருக்காது. கதகதப்பைத் தருவது பஞ்சின் இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கும் காற்று. நெருக்கமான வரிகள் பஞ்சை அமுக்கி அந்தக் காற்றின் அளவைக் குறைத்துவிடுகின்றன. தடித்த கம்பளிப் பஞ்சை வாங்கி அதில் அரை அங்குலத்துக்கு வரி போடுவது, உப்பலுக்காகக் கொடுத்த பணத்தை வீணாக்குவதாகும். அப்படிப்பட்ட பஞ்சுக்கு உறை அனுமதிக்கும் எல்லையை ஒட்டி, 3 அங்குலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கையால்தான் தைக்கிறேன். இயந்திரத் தையலுக்குச் சொல்லும் அதே இடைவெளி எனக்கும் பொருந்துமா?

பதில்: பஞ்சின் எல்லை இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாடு, வரியை எந்த இடத்தில் போடுவது என்பதில் இருக்கிறது. மூட்டின் ஓரத்தில் கால் அங்குலத் துணி உட்புறமாக மடிந்து படிந்திருப்பதால், அங்கே ஊசி கூடுதல் அடுக்குகளைத் துளைக்க வேண்டும். ஓட்டுத் தையலில் ஒரே குத்தில் மூன்று நான்கு தையல்களைக் கோத்து எடுப்பது அங்கே நடக்காது, தையலும் ஒரே அளவில் விழாது. அதனால் கைத்தையலில் மூட்டிலிருந்து சரியாகக் கால் அங்குலம் அல்லது அதற்குச் சற்று அதிகமாகத் தள்ளி, மடிப்பைத் தாண்டிய இடத்தில் முதல் வரியைத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். 6 அங்குலச் சதுரத்தில் நான்கு புறமும் அப்படி உள்தள்ளித் தைத்தால் நடுவே 5½ அங்குலச் சதுரம் ஒன்று வெறுமையாக மிஞ்சும். 4 அங்குல எல்லை கொண்ட பஞ்சுக்கு அது போதாது என்பதால், உள்ளே இன்னொரு சதுரமோ பெருக்கல் குறிபோல் இரண்டு கோடுகளோ போட வேண்டியிருக்கும். கைத்தையல் நூலின் பிடிப்பு இயந்திரத் தையலைவிடத் தளர்வானது. ஆகவே அதே இடைவெளியில் உங்கள் குவில்ட் இன்னும் மென்மையாகப் படியும். இயந்திரத்தில் தைக்கிறவர் 3 அங்குலம் வைத்துப் பெறும் தளர்வை, நீங்கள் 2 அங்குலத்திலேயே பெற்றுவிடலாம்.

கேள்வி: 1 அங்குல இடைவெளி என்று முடிவு செய்து ஒரு விளிம்பிலிருந்து தொடங்குகிறேன். போகப் போக ஓரிடத்தில் முக்கால், ஓரிடத்தில் ஒன்றேகால் என்று ஆகிவிடுகிறது. துணியும் ஒரு பக்கமாகக் கோணுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டு போவதுதான் காரணம். இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட்டின் அடியில், கீழ்த்துணியைவிட மேல்துணி மிகச் சிறிது பின்தங்கி நகர்கிறது. ஒரு வரியில் அது தெரியாது; வரிசையாகச் சேரும்போது மேல்துணி முழுவதுமே ஒரு பக்கம் தள்ளப்பட்டுவிடும். மேல் துணியையும் கீழ்த்துணியையும் ஒருசேர நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

மீதியை வரிசையை மாற்றிச் சரிசெய்யலாம். மூன்று அடுக்குகளையும் ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திக்கொள்ளுங்கள். முதல் வரி நட்டநடுவே வரட்டும். பிறகு அதன் இருபுறமும் 8 அங்குலத்துக்கு ஒன்று வீதம் குவில்ட் முழுவதும் தைத்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு 8 அங்குலப் பட்டையையும் பாதியாக்கி 4 அங்குலத்தில் ஒரு வரி, அதைப் பாதியாக்கி 2 அங்குலத்தில் ஒரு வரி, கடைசியாக 1 அங்குலம். பிழை சேர்ந்துகொண்டே போவதற்கு இதில் வழியில்லை. எந்தத் தவறும் தன் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். 2 அங்குலத்தில் நிறுத்திவிட்டு விரித்துப் பார்த்து, இதுவே போதும் என்று தோன்றினால் அத்தோடு முடித்துக்கொள்ளவும் முடியும். பல சமயங்களில் போதும் என்றுதான் தோன்றும்.

தைக்கும் திசையைப் பற்றி இரு கருத்து உண்டு. எல்லா வரிகளையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று விட்டு ஒன்று திருப்பித் தைப்பவர்களும் இருக்கிறார்கள். திருப்பித் தைக்கும்போது அடுத்தடுத்த வரிகள் துணியை எதிரெதிரே இழுத்து நடுவில் சாய்ந்த சுருக்கங்களை உண்டாக்கக்கூடும் என்பதால், நெருக்கமான வரிகளுக்கு ஒரே திசையே மேல் என்பது என் கருத்து. தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குகள் தடித்திருக்கையில் சிறிய தையல்கள் பஞ்சுக்குள் புதைந்து கசங்கித் தெரியும்.

கோடு வரைவதற்குத் தையல் சாக் போதும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவின் கோடு குளிரில் மறுபடி தெரியக்கூடும். தண்ணீரில் மறையும் பேனாவின் கோட்டின் மீது தெரியாமல் இஸ்திரி போட்டுவிட்டால் அது நிலைத்துவிடலாம். எதுவானாலும் வெட்டி எறிந்த துணுக்கில் முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கோடே வேண்டாம் என்றால், 1 அங்குல அகலமுள்ள மாஸ்கிங் டேப்பை முந்தைய வரியை ஒட்டி நேராக ஒட்டி, அதன் மறு ஓரத்தை உரசியபடி தைத்துக்கொண்டு போகலாம். ஆனால் அன்றன்றைக்கு ஒட்டியதை அன்றே உரித்துவிடுங்கள். நாட்கணக்கில் விட்டுவைத்தால் பசை துணியில் தங்கிவிடும்.